நான் பேரம் பேசி வாங்கிய இன்சூரன்ஸ்

தெற்கு லண்டனில், தோர்ண்டன் ஹீத்தில் என்னைத் தெரியாத தமிழர் குறைவு. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். ஜெர்மனியில் கோப்பை கழுவினேன். லண்டனுக்கு வந்து பெற்றோல் ஸ்டேஷனில் கண்ணாடிக்குப் பின்னால் நின்றேன். இன்று மெயின் ரோட்டில் இரண்டு கடைகள் என் பெயரில் நிற்கின்றன. ஒருவரிடமும் கைநீட்டாமல் வந்தவன் என்பதை இந்த ஊர் முழுக்கச் சொல்லும். சொல்லாவிட்டால் நானே சொல்வேன்.

நெஞ்சைப் பிளந்து ஒப்பரேஷன் செய்துகொண்டு வீட்டுக்கு வந்த பிறகு, நலம் விசாரிக்கக் கூப்பிடுகிறவர்கள் எல்லாரும் கடைசியில் ஒரே கேள்விக்குத்தான் வருகிறார்கள். "அண்ணை, நீங்கள் பிரைவேட் இன்சூரன்ஸ் வைச்சிருந்தனியள் தானே, நாங்களும் எடுப்பமோ?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்ல எனக்கு மூச்சு இல்லை. அதனால் எழுதுகிறேன். எழுத்துப் பிழையை மகள் சுபா திருத்துவாள். கருத்துப் பிழை இருந்தால் அது கம்பெனியின் பிழை.

நான் இன்சூரன்ஸ் எடுத்தது ஒரு கல்யாண வீட்டில் பட்ட ரோசத்தால். பந்தியில் பக்கத்தில் இருந்தவர், தன் முழங்காலை பிரைவேட்டில் மாற்றிய கதையைச் சொன்னார். தனி அறையாம், சாப்பாட்டுக்கு மெனு கார்டாம், ஒரு நாளும் கியூவில் நிற்கவில்லையாம். அவரிடம் ஒரு கடைகூட இல்லை. இரண்டு கடைக்காரன் நான் ஏன் கியூவில் நிற்க வேண்டும்? அடுத்த கிழமையே ஒரு கம்பெனிக்கு போன் போட்டேன்.

போனில் வந்த பிள்ளை மிகவும் மரியாதையானவள். விலையைச் சொன்னாள். நான் சிரித்தேன். வெங்காய மூட்டைக்கு முதல் சொல்லும் விலையை நான் என் வாழ்நாளில் கொடுத்ததில்லை. "வேற கம்பெனி இதைவிடக் குறைச்சுத் தருது" என்று என் ஆங்கிலத்தில் ஒரு போடு போட்டேன். அவள் உடனே குறைத்தாள். இன்னொரு போடு போட்டேன், இன்னும் குறைத்தாள். மூன்றாவது தரமும் குறைத்தாள். எந்த மொத்த வியாபாரியும் எனக்கு இவ்வளவு இலேசாக இறங்கியதில்லை.

என் மனைவி புனிதம் பக்கத்தில் நின்று பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தாள்.

"இஞ்சேருங்கோ, அவள் சொல்லுறது எல்லாம் விளங்கியோ நீங்கள் ஓம் ஓம் எண்டுறியள்?"

"வியாபாரத்தை எனக்குப் படிப்பிக்காதையும். விலை இறங்குது, தெரியுதோ?"

"விலை சும்மா இறங்குமோ?"

"நான் பேசினா இறங்கும்."

பேரம் பேசினால் சரக்கு அதேதான், விலை மட்டும் குறையும். இதுதான் எனக்குத் தெரிந்த வியாபாரம். இன்சூரன்ஸில் அப்படி இல்லை. அங்கே விலையை ஒரு முறை இறக்கினால், மூட்டைக்குள்ளிருந்து ஒரு கை அள்ளி எடுத்துவிடுவார்கள். மூட்டை கட்டியிருப்பதால் உனக்குத் தெரியாது. இதைத்தான் எல்லாரும் விளங்கிக்கொள்ள வேண்டும்.

முதல் முறை குறைத்தபோது, மருத்துவச் செலவில் ஒரு பங்கை நானே முதலில் கட்ட வேண்டும் என்று ஆக்கினார்கள். அதற்கு எக்ஸெஸ் என்று பெயர். கார் இன்சூரன்ஸில் இருப்பதுதான், அது எனக்கு விளங்கியது. இரண்டாம் முறை குறைத்தபோது, டொக்டரைத் தெரிவு செய்யும் உரிமை என் கையைவிட்டுப் போனது. கம்பெனியிடம் ஒரு டொக்டர் லிஸ்ட் இருக்கும். அந்த லிஸ்டில் இருப்பவரிடம், அந்த லிஸ்டில் உள்ள ஆஸ்பத்திரியில், கம்பெனி முதலே அனுமதி இலக்கம் தந்தால் மட்டும் போகலாம். அவள் இதைச் சொன்னபோது என் காது விலையில்தான் இருந்தது. மூன்றாம் முறைதான் பெரிய வெட்டு. கட்டிலில் படுத்துச் செய்யும் வைத்தியத்தை அரசாங்க ஆஸ்பத்திரி ஆறு கிழமைக்குள், அதாவது ஒன்றரை மாதத்துக்குள், செய்து தருமென்றால் கம்பெனி ஒன்றும் தராது, நீ அங்கேதான் போக வேண்டும். இதைக் கேட்டபோது நான் வாய்விட்டுச் சிரித்தேன். அரசாங்க ஆஸ்பத்திரி எந்தக் காலத்தில் ஆறு கிழமைக்குள் எதைச் செய்தது? இது எனக்குச் சும்மா கிடைத்த தள்ளுபடி என்று நினைத்தேன்.

கார்ட் வந்தது. பேர்ஸில் முன்பக்கம் வைத்தேன். கோயிலில் அர்ச்சனைக்குக் காசு எடுக்கும்போது நாலு பேர் காணட்டும் என்று பேர்ஸை அகலத் திறந்தேன்.

நோய் எப்படித் தொடங்கியது என்று சொல்கிறேன். ஸ்டேஷனிலிருந்து கடைக்கு ஏறும் ரோட்டில், பாதி வழியில் நெஞ்சை யாரோ பெல்ட் போட்டு இறுக்கியது போல ஒரு பிடி. கீழ்த் தாடையில் ஒரு நோவு. நின்றால் போய்விடும், நடந்தால் வரும். வாய்வு என்று நினைத்து ஓமத்தண்ணீர் குடித்தேன், இஞ்சிப் பிளேன்ரீ குடித்தேன். ஒரு நாள் கடையில் முகம் வேர்த்து நின்றதைப் புனிதம் பார்த்துவிட்டாள். எங்கள் குடும்ப டொக்டரிடம், ஜி.பி.யிடம், இழுத்துக்கொண்டு போனாள்.

ஜி.பி. ஒரு இளம் பெண். கேட்ட உடனேயே அவள் முகம் மாறிவிட்டது. இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய்களுக்குள் கொழுப்புப் படிந்து ஒடுங்கியிருக்கலாம், அதனால்தான் நடக்கும்போது வலிக்கிறது, அதற்கு அஞ்சைனா என்று பெயர் என்று சொன்னாள். நாக்குக்குக் கீழே அடிக்க ஒரு ஸ்பிறே தந்தாள். அதை அடித்தும் வலி போகாவிட்டால் உடனே அம்புலன்ஸுக்குப் போன் அடிக்கச் சொன்னாள். பிறகு, "நெஞ்சு வலிக்கென்று அரசாங்க ஆஸ்பத்திரியில் ஒரு தனி கிளினிக் இருக்கிறது, அங்கே விரைவாகப் பார்ப்பார்கள், அனுப்பட்டுமா?" என்று கேட்டாள்.

நான் பேர்ஸைத் திறந்து கார்டை மேசையில் வைத்தேன். "ஐ ஆம் பிரைவேட்" என்றேன்.

எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. டொக்டரின் படிப்பை விசாரிக்க மாட்டோம், ஊரை விசாரிப்போம். நானும் விசாரித்தேன். இதய டொக்டர் ஒருவர், பெயர் வேண்டாம், எங்கள் ஊர். அவருடைய பெரியப்பாவை எனக்குத் தெரியும். அவர் பிரைவேட் கிளினிக் ஒன்றில் சனிக்கிழமைகளில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, கம்பெனிக்கு ஒரு சொல் சொல்லாமல் நேரே போய்ப் பார்த்தேன். கார்ப்பெட் போட்ட அறை. பிஸ்கட்டோடு கோப்பி. கையைப் பிடித்து ஐயா ஐயா என்று கதைத்தார். அஞ்சியோகிராம் செய்ய வேண்டும் என்றார். மணிக்கட்டு நரம்பால் ஒரு மெல்லிய குழாயை இதயம் வரைக்கும் விட்டு, மருந்து பாய்ச்சி, அடைப்பு எங்கே என்று படம் பிடிப்பார்கள். "அனுமதி இலக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வாங்கோ ஐயா, மிச்சத்தை நான் பார்க்கிறன்" என்றார். அன்றைய பார்வைக்கு என் கையால் கட்டினேன். கம்பெனி திருப்பித் தரும்தானே என்ற எண்ணம்.

சுபா லண்டனின் மறுமுனையில், ரெய்னர்ஸ் லேனில் இருக்கிறாள். கணக்காளர். அவள்தான் கம்பெனிக்கு அடித்தாள். மத்தியான இடைவேளை முழுக்க போனில் அவர்கள் போட்ட பாட்டைக் கேட்டுக்கொண்டு நின்றுவிட்டு, பின்னேரம் வீட்டுக்கே வந்துவிட்டாள்.

"அப்பா, அவர் உங்கட லிஸ்டில இல்லை."

"என்ன லிஸ்ட்? அவர் எங்கட ஊர்ப் பெடியன்."

"அப்பா, ப்ளீஸ். அவங்கள் ஊர் பார்த்துக் காசு குடுக்கிறேல்லை. நீங்கள் தானாம் இந்த ஒப்ஷனை எடுத்தது. கோல் ரெக்கோர்ட் பண்ணியிருக்காம். நீங்கள் மூண்டு தரம் ஓம் சொன்னதாம்."

"நான் விலைக்குத்தான் ஓம் சொன்னனான்!"

"கத்தாதைங்கோ. நெஞ்சைப் பிடிக்கும்" என்றாள் புனிதம். பிடித்தது. ஸ்பிறேயை அடித்தேன்.

கம்பெனி தன் லிஸ்டிலிருந்து ஒருவரைத் தந்தது. தேம்ஸ் ஆற்றுக்கு அந்தப் பக்கம், இரண்டு ரயில் மாற வேண்டும். பெயரை எனக்கு உச்சரிக்க வரவில்லை. முடியாது என்றேன். சுபாவைக் கொண்டு முறைப்பாடு எழுதுவித்தேன். அவர்கள் மிக மரியாதையாகப் பதில் எழுதினார்கள். இப்படி எழுதி எழுதிக் கிழமைகள் போயின. அதற்குள் வீட்டில் மாடிப்படி ஏறவே நெஞ்சு பிடிக்கத் தொடங்கிவிட்டது. கீழே சோபாவில் படுத்தேன். புனிதம் தன் தலையணையையும் தூக்கிக்கொண்டு வந்து நிலத்தில் படுத்தாள். "மேல தனிய குளிருது" என்று பொய் சொன்னாள்.

கடைசியில் நான் இறங்கிப் போனேன். கம்பெனி சொன்ன டொக்டரிடமே போனேன். அவரைப் பார்த்த காசு எக்ஸெஸுக்குள் அடங்கியதால் அதையும் நானே கட்டினேன். அந்த மனிதரில் ஒரு பிழையும் சொல்ல முடியாது. அவரும் அதையேதான் சொன்னார்: அஞ்சியோகிராம், சுணங்கக் கூடாது. சுபா மறுபடியும் அனுமதி இலக்கம் கேட்டாள். அப்போதுதான் அந்த மூன்றாவது ஓம் எழுந்து வந்தது. அரசாங்க ஆஸ்பத்திரி இதை ஆறு கிழமைக்குள் செய்யக் கூடியதாக இருக்கிறதாம். ஆகவே எங்களால் தர இயலாது, மன்னிக்கவும், விரைவில் குணமடைய வாழ்த்துகிறோம் என்றார்கள்.

நாற்பது வருடம் கல்லாவில் இருந்தவன் நான். கள்ளக் காசைத் தடவிப் பார்த்தே கண்டுபிடிப்பேன். என்னை ஒரு கம்பெனி போனில் சிரித்துக்கொண்டு விற்றுவிட்டது.

திரும்பவும் அதே ஜி.பி. அவள் ஏசியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். ஆஸ்பத்திரிக்குக் கடிதம் அனுப்பினாள். ஆஸ்பத்திரி ஒரு திகதி தந்தது. அவசர நோயாளிகள் நிறைந்துவிட்டார்கள் என்று அதைத் தள்ளி வைத்தது.

அந்த இடைவெளியில்தான் விழுந்தேன். கடை வாசலில் ஒரு அம்மா அரிசிப் பையைக் காருக்குள் ஏற்றத் தடுமாறினாள். கடையில் வேலைக்கு ஆட்கள் நின்றார்கள்தான். ஆனாலும் என் கடை வாசலில் என் வாடிக்கையாளர் சுமக்க விடுவேனா? தூக்கினேன். பை டிக்கிக்குள் போனது. நான் ரோட்டில் இருந்தேன். வலி இடது கைக்குள் இறங்கி விரல் நுனி வரை போனது. ஸ்பிறே ஒன்றும் செய்யவில்லை.

அம்புலன்ஸுக்குள் நெஞ்சில் வயர் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். புனிதம் என் பேர்ஸிலிருந்து அந்தக் கார்டை உருவி அம்புலன்ஸ்காரனிடம் நீட்டினாள். அவன் வாங்கவில்லை. "உள்ளே வையுங்கள் அம்மா, இதற்கு அது உதவாது" என்று சொல்லிக்கொண்டே என் கையில் ஊசியைப் போட்டான்.

இதையும் எல்லாரும் விளங்கிக்கொள்ளுங்கள். காத்திருக்கக் கூடிய நோய் வருத்தத்துக்குத்தான் அந்த இன்சூரன்ஸ். காத்திருக்க முடியாத வருத்தம் வந்தால், கார்ட் உள்ளவனும் இல்லாதவனும் ஒரே வாசலால்தான் போக வேண்டும். மாரடைப்புக்குக் கம்பெனி அம்புலன்ஸ் அனுப்பாது. இது எனக்கு ரோட்டில் விழுந்த பிறகுதான் தெரிந்தது.

இரத்தத்தில் ட்ரோபோனின் பார்த்தார்கள். இதயத் தசை செத்தால் கசியும் ஒரு சத்து அது. கூடியிருந்தது. அஞ்சியோகிராமும் செய்தார்கள். மூன்று குழாயிலும் அடைப்பு. வலைக்குழாய் வைத்து விரிக்கும் கட்டத்தைத் தாண்டிவிட்டது, பைபாஸ்தான் வழி என்றார்கள். மெயின் ரோட்டைத் தோண்டினால் பஸ்ஸைப் பக்கத்துத் தெருவால் சுற்றி விடுகிறார்கள் அல்லவா, அதேதான். காலிலிருந்து ஒரு நரம்பை எடுத்து, அடைப்புக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் தைத்து, இரத்தத்துக்கு மாற்றுப் பாதை போடுவது. அதற்கு நெஞ்செலும்பை நடுவால் அறுக்க வேண்டும். கேட்டுக்கொண்டிருந்த நான் தலையை ஆட்டினேன். மனதுக்குள் நடுங்கினேன். நடுங்கியதை இதுவரை ஒருவரிடமும் சொல்லவில்லை.

ஆறு கட்டில் உள்ள வார்ட். பக்கத்துக் கட்டிலில் செல்லத்துரை என்று குரோய்டன்காரர் ஒருவர். பஸ் கராஜில் கிளீனிங் வேலை செய்து ஓய்வு எடுத்தவர், இதயத்துக்காகப் பல வருடமாக அந்த ஆஸ்பத்திரிக்கு வந்து போகிறார். வந்த முதல் நாளே என் கதையை என் வாயாலேயே பிடுங்கிவிட்டார்.

"அப்ப பிரைவேட் ஐயாவுக்கு மெனு கார்ட் வரேல்லையோ?"

"வாயை மூடிக்கொண்டு படும்."

"எனக்கு வாற அவிச்ச கிழங்கைத்தான் உமக்கும் வைக்கிறாங்கள். கம்பெனிக்கு அடிச்சுச் சொல்லுமன்."

புனிதம் இரண்டு பஸ் ஏறி இடியப்பமும் சொதியும் கொண்டு வருவாள். முதல் பங்கை அந்த வாய்க்காரருக்குத்தான் வைப்பாள். எனக்குக் கோபம் வரும். அவருக்கு வந்து பார்க்க ஒருவருமில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. சுபா வேலை முடிந்து லண்டனை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கடந்து வந்து, என் கால் நகங்களை வெட்டிவிடுவாள். அவள் சின்னவளாக இருந்தபோது நான் அவளுக்கு ஒரு நாளும் வெட்டிவிட்டதில்லை. எனக்கு ஷிப்ட்.

ஒரு காலை பெரிய டொக்டர் வருகிறார் என்று நேர்ஸ் கட்டில்களை நேராக்கினாள். பின்னால் ஒரு கூட்டம் இளம் டொக்டர்கள். முன்னால் வந்தவரைப் பார்த்தேன். எங்கள் ஊர்ப் பெடியன். சனிக்கிழமை கோப்பி தந்த அதே ஆள். கிழமை நாட்களில் அவருக்கு இங்கேதான் உத்தியோகம். லிஸ்டில் இல்லை என்று கம்பெனி மறுத்தவர், நான் ஒரு சதமும் கட்டாத கட்டிலின் காலடியில் நிற்கிறார்.

என் சார்ட்டைப் பார்த்தார். என் வயதையும் மூன்று அடைப்பையும் ஆங்கிலத்தில் கூட்டத்துக்குச் சொன்னார். என் முகத்தைப் பார்த்துக் குட் மோர்னிங் என்றார். அவருக்கு என்னைத் தெரியவில்லை. அடுத்த கட்டிலுக்குத் திரும்பினார்.

"என்ன செல்லத்துரை அண்ணை, கள்ளமா மிக்சர் சாப்பிடுறியளாம்?"

"ஆர் டொக்டர் சொன்னது? இந்த பிரைவேட் ஐயாவோ?"

கூட்டம் விளங்காமலே சிரித்தது. நான் பொறுக்க முடியாமல், "டொக்டர், நான் உங்களைச் சனிக்கிழமை கிளினிக்கில வந்து பாத்தனான்" என்றேன்.

திரும்பி நின்று பார்த்தார். "ஓ, கடைக்கார ஐயா! ஓம், ஓம். அனுமதி எடுக்கப் போனனீங்கள், பிறகு வரேல்லை."

"தரமாட்டன் எண்டுட்டாங்கள்."

"நெஞ்சு நோ கிளினிக்குக்கு ஜி.பி. உங்களை அனுப்பேல்லையோ? அதையும் நான்தான் பார்க்கிறன். அண்டைக்கே இஞ்ச வந்திருந்தா மாரடைப்பு வர முதலே செய்திருப்பம்."

அவர் குத்திக் காட்டச் சொல்லவில்லை. போகிற போக்கில் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

ஒப்பரேஷனைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, நான் அங்கே இருக்கவில்லை. முழித்தபோது தொண்டையில் குழாய், நெஞ்சில் குழாய், காலில் நீளத் தையல். இருமல் வந்தால் நெஞ்செலும்பு இரண்டாகப் பிரிவது போல இருக்கும். ஒரு தலையணையைக் கட்டிப் பிடித்துக்கொண்டுதான் இரும வேண்டும். புனிதம் நான் கட்டும் பழைய சாரத்தைக் கிழித்து அப்படி ஒரு தலையணை தைத்துக்கொண்டு வந்தாள். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். மாரடைப்பில் செத்த தசை செத்ததுதான், அதை எந்தப் பைபாஸும் திருப்பித் தராது. இதயம் முன்பு போல் அடிக்காது என்று சொல்லித்தான் வீட்டுக்கு விட்டார்கள். அரிசிப் பை இனி இல்லை. ஒரு கடையைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டேன்.

இன்சூரன்ஸ் எடுப்பதா என்று கேட்கிறவர்களுக்கு: எடுங்கள், விடுங்கள், அது உங்கள் பாடு. எடுத்தால் விலையைக் கேட்காதீர்கள், விலை குறையும்போது எது குறைகிறது என்று கேளுங்கள். நெஞ்சில் நோ வந்தால் கார்டைக் காட்டாதீர்கள், நெஞ்சைக் காட்டுங்கள்.

போன கிழமை கம்பெனியிலிருந்து ஒரு அழைப்பு. பொலிசியைப் புதுப்பிக்கும் காலம் வந்துவிட்டதாம். போனைச் சத்தமாக வைத்து, சுபாவைப் பக்கத்தில் இருத்திக் கேட்டேன். குரல் சந்தோஷமாக இருந்தது. என் கணக்கைப் பார்த்துவிட்டுச் சொன்னது: இந்த வருடம் நான் ஒரு கிளெயிமும் செய்யவில்லையாம். கிளெயிம் செய்யாத நல்ல வாடிக்கையாளர் என்று தள்ளுபடியில் ஒரு படி ஏற்றியிருக்கிறார்களாம். வாழ்த்துக்களாம்.

விட்டுவிடலாம் என்றால், இந்த இதயத்தோடு வேறு ஒரு கம்பெனியும் என்னை இனி எடுக்காது என்று சுபா ஒரு துண்டில் எழுதிக் காட்டினாள். நாற்பது வருடத்துக் கடைத்தெருப் பேச்சு முழுவதும் என் வாய்க்கு வந்தது. மூச்சை இழுத்தேன். தையல் சுண்டி இழுத்தது.

"என்னவாம்?" என்று குசினிக்குள் இருந்து புனிதம் கேட்டாள்.

"வாழ்த்துச் சொல்லினமாம் அம்மா" என்றாள் சுபா.

"அப்ப தேங்க்யூ எண்டு சொல்லிப்போட்டு வைக்கச் சொல்லு. கத்தினா தையல் விடும்."

நான் தேங்க்யூ சொன்னேன்.